முள்ளங்கி, வெண்டைக்காய், ஒரு கடிகாரம்

கன்று விழுந்துவிட்டது. கிடாரி. தாய் நக்கிக்கொடுக்க, அது நடுங்கும் கால்களை ஊன்றி எழப் பார்க்கிறது. குமரி மாவட்டத்தில் வள்ளியாறு கடலில் போய்ச் சேரும் கடியப்பட்டணத்துக்குச் சற்று உள்ளே, தென்னந்தோப்புக்குள் ஓலைச் சாய்ப்பு போட்ட தொழுவம். அலைச் சத்தம் அதுவரை கேட்கிறது. வீட்டில் எல்லார் முகத்திலும் சிரிப்பு, ஒருத்தியைத் தவிர. அவள் மொபைல் வெளிச்சத்தைப் பசுவின் வாலுக்குக் கீழே பிடித்தபடி நிற்கிறாள். நஞ்சுக்கொடி தொங்குகிறது. விழவில்லை.

"பாட்டா, நஞ்சு இன்னும் விழல்லியே."

"இழுக்காத மக்ளே. இழுத்தா அந்துபோவும். கன்னு எப்பம் போட்டுது?"

"ஒம்பதரை, பத்து இருக்கும்."

"இருக்கும்னா? மணி பாக்கல்லியா?"

கடியப்பட்டணம், அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை என்று அந்தப் பக்கத்தில் மாடு கட்டியிருக்கும் எந்த வீட்டுக்கும் இப்படி ஒரு ராத்திரி தெரிந்ததுதான். யாராவது ஒருவர் கொடியின் நுனியில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டித் தொங்கவிடச் சொல்வார். இன்னொருவர் மூங்கில் இலை ஒடிக்கப் போவார். கையை உள்ளே விட்டு எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடலாமா என்று மூன்றாமவர் கேட்பார். டாக்டர் காலையில்தான் வருவார். அதற்குள் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது?

தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாடுகள் மட்டும் சுமார் 95 லட்சம். மூலிகை மாட்டு வைத்தியம் இப்போது கைவைத்தியம் என்ற நிலையிலிருந்து கூட்டுறவுப் பால் ஒன்றியங்களின் பயிற்சி வகுப்பு வரை வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு கஷாயம் வருகிறது. ஊசியே வேண்டாம் என்று ஒரு கட்சி, பச்சிலை எல்லாம் மூடநம்பிக்கை என்று இன்னொரு கட்சி. பாட்டா கேட்ட கேள்வியை மட்டும் இரண்டு கட்சியும் கேட்பதில்லை: மணி என்ன?

நூறு பொத்தான்

பசுவின் கருப்பைக்குள் கொடி ஒட்டியிருக்கும் விதம் மனிதப் பிரசவத்தில் இருப்பதைப் போன்றதல்ல. கருப்பைச் சுவரில் எழுபதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குமிழ்கள். ஒவ்வொரு குமிழையும் கொடியின் ஒரு பகுதி கவ்வியிருக்கும், சட்டையில் பொத்தான் போட்டதுபோல. கன்று வெளியேறிய பிறகு அத்தனை பொத்தானும் ஒவ்வொன்றாகக் கழல வேண்டும். பெரும்பாலான பசுக்களில் ஆறு எட்டு மணி நேரத்துக்குள் இது தானாகவே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் கொடி தங்கிவிட்டது என்று பொருள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூறு ஈற்றில் ஏறக்குறைய ஐந்து முதல் பத்துப் பசுக்களுக்கு இது நேர்கிறது. இரட்டைக் கன்று, குறைமாதக் கன்று, இழுத்து எடுத்த பெரிய கன்று, கால்சியம் குறைந்த தாய் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஏன் கழலவில்லை? கருப்பைக்குத் தள்ளும் வலு இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அதனால்தான் சுருங்கவைக்கும் ஊசி, சூடான கஷாயம், எண்ணெய் எல்லாம் வந்தன. 2002-இல் அமெரிக்காவில் கிமுரா குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. பசுவின் ரத்த வெள்ளணுக்கள் போய்க் கொடியைத் தின்று கழற்ற வேண்டும். கொடி தங்கும் பசுக்களில் அந்த அணுக்களின் வேகம் ஈற்றுக்கு முன்பே குறைந்திருக்கிறது. அப்படியென்றால் பிரச்சினை கன்று போட்ட ராத்திரியில் தொடங்கியதல்ல. அதற்கும் சில வாரம் முந்தைய தீவனத்தில், வைட்டமின் ஈ-யும் செலினியமும் கால்சியமும் போதாமல் போன நாட்களில் தொடங்கியது.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்கு இந்தச் செய்தி உறைக்க வேண்டும். நெல்வயல் வீட்டுமனையான பிறகு வைக்கோலே வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. பசும்புல் என்பது தென்னைக்கு அடியில் முளைத்ததும் வாய்க்கால் கரையில் அறுத்ததும்தான். சினை முற்றி, பால் வற்றவிட்ட பசுவுக்கு "கறக்காத மாட்டுக்கு எதுக்குத் தீவனம்" என்று கையைச் சுருக்குவது பல வீட்டுப் பழக்கம். அந்த இரண்டு மாதத்தில் மிச்சம் பிடித்த காசைப் பிறகு டாக்டருக்கும் மருந்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஆனந்த் வரை

மாட்டு வாகடம் என்று ஏட்டுச்சுவடி மரபே நமக்கு உண்டு. ஆனால் வாகடத்தைப் படித்து மருந்து அரைத்தவர்கள் சொற்பம். பார்த்துக் கற்றவர்களே அதிகம். குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் இன்னும் இருக்கிறார்கள். பொத்தையடிக்குப் பக்கத்தில் மருந்துவாழ்மலையே நிற்கிறது. 2006-இல் கிருபா, ஜீவா, தாஸ் ஆகிய ஆய்வாளர்கள் குமரிமுனைப் பகுதியில் கால்நடைக்குப் பயன்படும் செடிகளைப் பட்டியலிட்டு, இந்தியப் பாரம்பரிய அறிவு பற்றிய ஆய்விதழில் வெளியிட்டார்கள். நம் வேலியோரத்துச் செடி அச்சில் ஏறிய தருணம் அது. பட்டியல் போட்டாயிற்று. அதற்குப் பிறகு எந்த மருந்து எத்தனை மாட்டுக்குக் கேட்டது என்ற கணக்கு வந்திருக்க வேண்டும்.

அந்தத் திசையில் பெரிய அடி எடுத்துவைத்தது தஞ்சாவூர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த ந. புண்ணியமூர்த்தி, அங்குள்ள பல்கலைக்கழக மையத்திலிருந்து மரபுவழி மருந்துகளை ஒழுங்குபடுத்தினார். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், காட்டில் தேட வேண்டிய மூலிகையை ஒதுக்கிவிட்டு அஞ்சறைப்பெட்டியிலும் காய்கறிக் கடையிலும் கிடைப்பதை வைத்து அளவோடு மருந்து சொன்னதுதான். மஞ்சள், மிளகு, வெற்றிலை, சோற்றுக்கற்றாழை, பிரண்டை, கறிவேப்பிலை, முள்ளங்கி. பெங்களூருவின் டிரான்ஸ் டிசிப்ளினரி பல்கலைக்கழகமும், குஜராத்தின் ஆனந்தில் இருக்கும் தேசியப் பால்வள வாரியமும் இவற்றைக் கையில் எடுத்து நாடெங்கும் பரப்பின. தமிழ் வைத்தியம் இந்தி, குஜராத்தி வீடியோவாகி, மறுபடி தமிழ்நாட்டு மொபைலுக்கே வந்து சேர்ந்தது தனி வேடிக்கை.

[பெட்டி]
கொடி விழும்வரை: மணிக்கணக்கு
தேசியப் பால்வள வாரியம் பரப்பும் முறை

கன்று போட்ட 2 மணி நேரத்துக்குள்: முழு வெள்ளை முள்ளங்கி ஒன்று தின்னக் கொடுக்கவும்.

8 மணி நேரமாகியும் விழாவிட்டால்: ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை நறுக்கி, தேவையான வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுக்கவும்.

12 மணி நேரமாகியும் விழாவிட்டால்: கொடியின் அடிப்பகுதியில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு இரண்டு அங்குலம் கீழே அறுத்துவிடவும். முடிச்சு உள்ளே போய்விடும். கையை விட்டு எடுக்க முயலக் கூடாது.

பிறகு: வாரம் ஒரு முள்ளங்கி, நான்கு வாரம்.
[பெட்டி முடிந்தது]

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கன்று போட்ட வீட்டில் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காய்க்கு எங்கே போவது? வடசேரிச் சந்தை நாகர்கோவிலில். மணவாளக்குறிச்சிக் கடைகள் எப்போதோ அடைத்தாயிற்று. மடி இறங்கி, வாலடி குழைந்ததும் முள்ளங்கியையும் வெண்டைக்காயையும் வாங்கி வைத்துவிட வேண்டும். பசு ஏமாற்றிவிட்டால் வீட்டில் சாம்பார் வைத்துக்கொள்ளலாம்.

வெண்டைக்காய் எப்படி வேலை செய்கிறது?

விவசாயிகளைக் கேட்டால் "வழவழப்பு இருக்குல்லா, வழுக்கிட்டு வந்திரும்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாடு தின்ற வெண்டைக்காய் போவது அதன் முதல் வயிற்றுக்கு. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்துப் பிரித்துவிடும். அந்த வழவழப்பு கருப்பை வரை போய்ச் சேர வழியே இல்லை. வேறு ஏதாவது வழியில் அது உதவலாம்: வெல்லத்தின் சக்தி, உப்பு தூண்டும் தாகம், களைத்த தாய்க்குக் கிடைக்கும் தண்ணீரும் சத்தும். இவை ஊகங்கள். ஒரு பக்கம் கொடுத்த மாடுகள், இன்னொரு பக்கம் கொடுக்காத மாடுகள் என்று நிறுத்திப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தால்தான் ஊகம் அறிவாகும்.

அப்படி எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? எட்டாவது மணியில் வெண்டைக்காய் கொடுத்து, பத்தாவது மணியில் கொடி விழுந்தால் பெயர் வெண்டைக்காய்க்கு. அதே பத்தாவது மணியில் மூங்கில் இலை தின்ற பசுவுக்கும் விழுந்திருக்கும். ஒன்றும் தின்னாத பசுவுக்கும் பலமுறை விழுந்திருக்கும். தானாக விழ இருந்த கொடிக்கு யார் கடைசியாகக் கை வைத்தாரோ அவரே வைத்தியர் ஆகிவிடுகிறார். இந்தச் சந்தேகம் பச்சிலைக்கு மட்டுமல்ல, ஊசிக்கும் பொருந்தும். ராத்திரி ஊசி, காலையில் கொடி என்றால் ஊசியும் இதே வழியில்தான் பேர் வாங்கியிருக்கிறது.

காரணம் தெரியாமலே வேலை செய்த மருத்துவத்துக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. கன்று போட்ட பசு திடீரென்று விழுந்து, கழுத்தை ஒரு பக்கம் மடித்து, காது சில்லிட்டுக் கிடக்கும் பால் காய்ச்சலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏராளமான பசுக்கள் செத்தன. 1897-இல் டென்மார்க்கின் கோல்டிங் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஷ்மிட், மடிக்குள் ஏதோ நஞ்சு உருவாகிறது என்று நினைத்து, காம்பு வழியாக அயோடைடு கரைசலை ஏற்றினார். சாவு வெகுவாகக் குறைந்தது. பிறகு மருந்தே வேண்டாம், வெறும் காற்றை மடிக்குள் அடித்தாலே பசு எழுகிறது என்று கண்டார்கள். உண்மைக் காரணம் 1925-இல்தான் தெளிவானது: சீம்பாலோடு ரத்தத்துக் கால்சியம் வடிந்துவிடுகிறது, மடி நிறைந்து அழுத்தம் கூடினால் வடிவது நிற்கிறது. ஷ்மிட்டின் கருத்து தவறு, சிகிச்சை சரி. அது சரி என்று தெரிந்தது எப்படி? எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்று எண்ணி எழுதினார்கள். நம் பாட்டாக்கள் அவருக்குக் குறைந்தவர்கள் இல்லை. எழுதிவைக்க ஒரு நோட்டுத்தான் இல்லாமல் போயிற்று.

கை உள்ளே போனால்

இனி விளைவுக்கு வருவோம். முள்ளங்கி கேட்கிறதோ இல்லையோ, அந்த மணிக்கணக்கில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியம் மாட்டுக்காரர்களுக்குப் பெரும் லாபம்: கையை விட்டு எடுக்காதே.

நமக்குத் தொங்குவதைக் கண்டால் கை பரபரக்கிறது. இழுத்தால் கழலாத பொத்தான் குமிழோடு பிய்ந்து வருகிறது; ரத்தம் போகிறது; பாதி உள்ளே தங்கி அழுகுகிறது. கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலும் இதேதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். இழுக்காமல் விட்ட கொடியும் அழுகத்தான் செய்யும், நாற்றம் எடுக்கும், ஒரு வாரம் பத்து நாளில் விழும். பார்க்கச் சகிக்காது என்பதைத் தவிர, காய்ச்சல் இல்லாத பசுவுக்கு அதனால் வரும் கெடுதல் இழுத்ததால் வருவதைவிடக் குறைவு என்பதே இன்றைய கால்நடை மருத்துவத்தின் கருத்து. பழைய மரபும் புதிய ஆய்வும் ஒரே இடத்தில் வந்து நிற்பது இங்கேதான்.

இழுத்ததன் விலை அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் தெரியும். கருப்பை புண்ணான பசு பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை பிடிக்காது. ஊசி போட்டும் நிற்கவில்லை என்று அடுத்த பருவம், அதற்கு அடுத்த பருவம். பருவம் ஒன்று தவறினால் 21 நாள். சினைக்காலம் சுமார் 280 நாள். மூன்று பருவம் போனால் இரண்டு மாதத் தீவனம் மண்ணாகிப் போகிறது, அடுத்த ஈற்றுப் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகிறது. கடைசியில் மலட்டு மாடு என்று அடிமாட்டு விலைக்குப் போகும். அந்தப் பசு மலடு ஆனது ஒரு ராத்திரியில், ஒரு கையால் என்பது யார் நினைவிலும் இருக்காது.

உள்ளே போன கைக்கும் ஆபத்து உண்டு. ஆறாம் மாதத்துக்கு மேல் கன்று வீசி, அதோடு கொடியும் தங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரூசெல்லோசிஸ். அந்தக் கிருமி கொடியிலும் பனிக்குட நீரிலும் கொட்டிக் கிடக்கும். கையில் சின்னக் கீறல் போதும். மனிதனுக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம். மலேரியா, டைபாய்டு என்று மாற்றி மாற்றிப் பார்த்து மாதங்கள் ஓடிவிடும். காய்ச்சலோடு டாக்டரிடம் போகிறவர் தன் வீட்டு மாடு கன்று வீசியதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதுகூட இல்லை. சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் பல சோதனைகளை மிச்சப்படுத்தும். பசுவுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது: பெண் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒரே முறை. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

விழுந்த கொடியை என்ன செய்வது? வைக்கோலில் சுற்றிப் பால் வடியும் மரத்தில், பெரும்பாலும் ஆலமரத்தில், கட்டித் தொங்கவிடுவது வழக்கம். தாய்க்குப் பால் பெருகும் என்று நம்பிக்கை. நாய் எட்டாத உயரம் என்ற அளவில் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் காகமும் பருந்தும் கொத்தி நாலு வீட்டு முற்றத்தில் போடும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே நல்லது. ஆலமரம் கோபித்துக்கொள்ளாது.

ஊற்றிய மருந்து எங்கே போகிறது?

மூலிகை கெடுதல் செய்யாது என்பது நாம் அடிக்கடி கேட்கும் வசனம். எந்த மூலிகை, எந்த வழியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பசுவின் தலையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை ஒரு பக்கம் இழுத்து, மூங்கில் குழாயால் கஷாயத்தை ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாக்கைப் பிடித்துவிட்டால் மாட்டால் ஒழுங்காக விழுங்க முடியாது. மருந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பால் காய்ச்சலில் விழுந்து கிடக்கும் பசுவுக்கு விழுங்கும் சக்தியே குறைந்திருக்கும். அதற்கு ஊற்றுவது ஏறக்குறைய நுரையீரலுக்கு ஊற்றுவதுதான். இரண்டு நாளில் நிமோனியா வந்து மாடு செத்தால், கொடி தங்கியதால் செத்தது என்பார்கள். தஞ்சாவூர் முறையில் இதற்கு நல்ல மாற்று இருக்கிறது: மருந்தை விழுதாக அரைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, நாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிவிடுவது. மாடு தானே நக்கி விழுங்கும். மருந்தைவிட இந்த முறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

[பெட்டி]
இந்தக் கிழங்கைத் தொடாதீர்கள்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, கலப்பைக் கிழங்கு. பிரசவத்தை விரைவுபடுத்தும், நஞ்சுக்கொடியைத் தள்ளும் என்று நாட்டு வழக்கில் பேர் வாங்கியது. கொல்கிசின் என்ற கடும் விஷம் அதில் இருக்கிறது. மாட்டுக்கும் விஷம், அரைக்கும் ஆளுக்கும் விஷம். எவ்வளவு குறைந்த அளவு என்று யார் சொன்னாலும் கொடுக்கக் கூடாது.
[பெட்டி முடிந்தது]

அடி தள்ளினால்

இரண்டு வேறு விஷயங்களுக்கு நம் ஊரில் அடி தள்ளுவது என்று ஒரே பேர் வழங்குகிறது. கன்று போடுவதற்குச் சில வாரம் முன்பு, பசு படுக்கும்போது மட்டும் பின்பக்கம் சிவந்த உருண்டை எட்டிப் பார்க்கும்; எழுந்தால் உள்ளே போய்விடும். இது யோனிப் பகுதி தள்ளுவது. கன்று போட்ட சில மணி நேரத்தில், குமிழ் குமிழாக, முழங்கால் வரை பெரிய பை தொங்குவது வேறு. அது கருப்பையே உள்வெளியாகப் புரண்டு வந்தது. முதலாவதற்கு அவகாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை, உள்ளே பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் நிமிஷத்தில் உயிர் போகும்.

பால்வள வாரியம் பரப்பும் வைத்தியம் முதலாவதற்கே பொருந்தும்: ஒரு முழுச் சோற்றுக்கற்றாழை மடலின் சோற்றைக் கொழகொழப்புப் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைப்பது, தள்ளிய பகுதியைச் சுத்தமாகக் கழுவி அதன்மேல் சொட்டவிடுவது, உலர்ந்ததும் இரண்டு கைப்பிடி தொட்டாற்சுருங்கியை அரைத்துப் பூசுவது. தொட்டாற்சுருங்கிக்கு நம் தோப்புகளில் பஞ்சமே இல்லை, வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

கருப்பை முழுதாக வந்துவிட்டால் பச்சிலை அரைக்க உட்காராதீர்கள். கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்குப் பேசிவிட்டு, நனைத்த சுத்தமான வேட்டியிலோ சேலையிலோ பையை ஏந்தி, மண்ணும் சாணமும் படாமல், பசுவின் உடல் மட்டத்துக்கு இரண்டு பேர் தூக்கிப் பிடியுங்கள். நாயையும் காகத்தையும் அண்டவிடாதீர்கள். பசுவை நடக்கவைக்காதீர்கள். வீக்கம் வடிய மேலே சர்க்கரை தூவுவது கால்நடை மருத்துவர்களே கையாளும் தந்திரம். டாக்டர் போனில் சொன்னால் செய்யலாம்.

[பெட்டி]
பச்சிலை போதாது, 1962-க்குப் பேசுங்கள்

தண்ணீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்று முன்னேறவில்லை.

இரண்டு முன்னங்காலும் அவற்றின் மேல் மூக்கும் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு கால் மட்டும், அல்லது வால் தெரிகிறது.

கன்று போட்ட மூன்று நாளுக்குள் பசு எழ முடியாமல், கழுத்தை மடித்து, காது சில்லிட்டுக் கிடக்கிறது. இதற்கு ரத்தத்தில் ஏற்றும் கால்சியம்தான் மருந்து.

கருப்பை முழுவதும் வெளியே வந்துவிட்டது.

கொடி தங்கிய பசுவுக்கு 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, நாற்றமடிக்கும் கழிவு.

மாதம் முற்றுவதற்கு முன் கன்று வீசிவிட்டது.
[பெட்டி முடிந்தது]

பாலுக்குள் வரும் ஊசி

கொடி தங்கிய பசு ஒவ்வொன்றுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கருப்பைக்குள் வைப்பதும், மூன்று நாள் ஊசி போடுவதும் பல காலமாக வழக்கம். காய்ச்சல் இல்லாத பசுவுக்கு இதனால் பெரிய பலன் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஊசி போட்டபின் குறிப்பிட்ட நாட்களுக்குப் பாலை விற்கக் கூடாது என்று மருந்துப் புட்டியிலேயே எழுதியிருக்கும். இரண்டு மாடு வைத்து ஜீவனம் நடத்தும் வீட்டில் நாலு நாள் பாலைக் கீழே ஊற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்? அந்தப் பால் டீக்கடைக்கும் குழந்தை உள்ள வீட்டுக்கும் போகிறது. பாலில் இருக்கும் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. கைச்செம்பில் நேரே வீட்டுக்கு வரும் பாலை யாரும் சோதிப்பதில்லை.

மூலிகைக்கு ஆதரவாக என்னை ஓரளவு சம்மதிக்கவைப்பது இந்த வாதம்தான். முள்ளங்கி கொடியைத் தள்ளுகிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தேவையில்லாத ஊசியை அது தள்ளிப்போடுகிறது என்பது கண்கூடு. வீட்டுக்காரருக்கு ஏதோ செய்தோம் என்ற நிம்மதி, பசுவுக்குத் தீனி, கருப்பைக்கு ஓய்வு. பன்னிரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்று சொன்னால் எந்த மாட்டுக்காரரும் இருக்கமாட்டார். எட்டாவது மணியில் வெண்டைக்காய் நறுக்கச் சொன்னால் இருப்பார்.

ஆனால் காய்ச்சல் வந்த பிறகும் வெண்டைக்காயே நறுக்கிக்கொண்டிருந்தால் அது வைத்தியம் ஆகாது. அங்கே ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி எது? மருந்துக்கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தெர்மாமீட்டர். வாலைத் தூக்கி ஆசனவாயில் ஒரு நிமிஷம் வைத்தால் தெரிந்துவிடும். ஆரோக்கியமான பசுவுக்கு 101, 102 டிகிரி இருக்கும். ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்து மூலிகைப் புத்தகம் வழங்குகிறவர்கள், புத்தகத்தோடு ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

சின்னப் பசு, பெரிய கன்று

கன்று குறுக்கே கிடப்பதற்கும், தலை திரும்பிக் கிடப்பதற்கும் எந்த இலையும் மருந்தல்ல. பழைய வைத்தியர்களில் கைத்தேர்ச்சி உள்ளவர்கள், வலி ஓய்ந்த நேரம் பார்த்துக் கன்றைப் பின்னுக்குத் தள்ளி, கால் தலை திருப்பி எடுத்தார்கள். அது பச்சிலை ஞானமல்ல, உடற்கூறு ஞானம். அப்படிப்பட்ட கைகள் குறைந்துவிட்டன. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமோ பதிவு பெற்ற மருத்துவர்களுக்கே சிகிச்சை உரிமையைத் தருகிறது. மேற்பார்வையின் கீழ் சிறு சேவைகளுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. சட்டம் சரிதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டம் தொழுவத்துக்கு வராது, டாக்டர்தான் வர வேண்டும்.

இதில் நாமே வரவழைத்துக்கொண்ட சிக்கலும் ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கத்து நாட்டுப் பசுக்கள் உருவத்தில் சிறியவை. அதிகப் பாலுக்காகப் பெரிய இனக் காளையின் விந்து செலுத்தும்போது கன்றின் தலை தாயின் இடுப்புக்குப் பெரிதாகிவிடுகிறது. தலையீற்றுக் கிடாரிக்கு எந்தக் காளையின் ஊசி என்று கேட்டுவாங்கும் உரிமை மாட்டுக்காரருக்கு உண்டு. கேட்பவர்கள் அபூர்வம். கஷ்டப்பட்ட ஈற்றுக்குப் பின்தான் கொடி தங்குவதும் அடி தள்ளுவதும் அதிகம் நேர்கின்றன என்பதால், எட்டாவது மணி வெண்டைக்காயின் கணக்கு ஒன்பது மாதம் முன்பே, சினை ஊசியன்றே தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கையெல்லாம் எழுதிவைக்க, குமரி மாவட்டத்தின் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும், பால் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு நோட்டுப் போடுங்கள் என்று கால்நடைத் துறையையும் பல்கலைக்கழகத்தையும் கேட்டுக்கொள்கிறோம். பசுவின் இனம், எத்தனையாவது ஈற்று, கன்று போட்ட மணி, கொடி விழுந்த மணி, கொடுத்தது என்ன, காய்ச்சல் எத்தனை டிகிரி, அடுத்த சினை எப்போது நின்றது. இரண்டே வருஷம் எழுதினால் போதும், முள்ளங்கி மருந்தா தீவனமா என்று தெரிந்துவிடும். பாட்டாக்கள் இருக்கும்போதே அவர்கள் கை வைத்த மாடுகளையும் அதே நோட்டில் ஏற்றுங்கள்.

மாடு வைத்திருக்கும் வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கன்று விழுந்ததும் தொழுவச் சுவரில் கரித்துண்டால் மணியை எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே 1962 என்றும் எழுதிவையுங்கள்.